நாய்க்கு வக்கீலாக இருந்த கோடை

எங்கள் வீட்டு நாய் ஆண்டுதோறும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பை அனுசரித்தது. அதன் விசுவாசத்தைப் பற்றி எனக்கு உறுதியாக ஒன்றும் தெரியாது. வீட்டில் கறி ஆக்காத நாட்களில் அதற்கும் கறி கிடையாது, அவ்வளவுதான். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் என் மனைவி கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றினால் ஈஸ்டர் காலையில்தான் அது இறங்கும். இடைப்பட்ட நாட்களில் நாங்கள் சாம்பாரும் கீரையும் சாப்பிட்டு ஆத்தும லாபம் அடைவோம். மோர்ச்சோறு தின்ற நாய் என்ன லாபம் அடைந்தது என்பதை அதுதான் சொல்ல வேண்டும். ஈஸ்டரன்று ஆராதனை முடிந்து வந்ததும் முதல் தட்டு அதற்கு. கறித்துண்டும் சவ்வும் போட்டுப் பிசைந்த சோறு. பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போகிற தூக்குச்சட்டிகூட அதற்குப் பிறகுதான் நிறையும்.

ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு ராஜபாளையம் நாய் வளர்ப்பதில் தனிப் பெருமை ஒன்றுமில்லை. வெளியூர் நண்பர்கள்தான் வந்தால் அதனோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். என்னோடு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முழு வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். இந்த ஜாதியில் பல குட்டிகளுக்கு இருக்கிற குறை இதற்கும் இருந்தது: பிறவியிலேயே காது கேட்காது. அதற்கு ஒரு பெயர் வைத்தோம். ஆனால் கேட்காத காதில் எத்தனை முறை கூப்பிடுவது? நாளடைவில் பெயரை நாங்களே மறந்துவிட்டோம். புறவாசலில் நின்று காலால் தரையை ஓங்கி மிதித்தால் அதிர்வு தெரிந்து ஓடி வரும். எங்கள் வீட்டில் யாராவது தரையை மிதித்தால் கோபம் என்று அர்த்தமில்லை, சோறு தயார் என்று அர்த்தம்.

இந்த ஏற்பாடெல்லாம் குலைந்ததற்குக் காரணம் என் இதயம். அது இருப்பதாகவே நான் அதுவரை கவனித்ததில்லை. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை; ஒழிந்த நேரத்தில் பத்திரிகைகளில் ஏதாவது எழுதுவேன். ஒரு நாள் மாடிப்படியில் நாலு புத்தகங்களோடு ஏறும்போது நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வரும்போது டாக்டர், "மட்டனை மறந்துருங்க" என்றார். பொதுவாகச் சொல்லியிருப்பார். என் மனைவி அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு படுத்தவர். சாயங்காலம் காபி கொண்டுபோய் எழுப்பினது இவள்தான். அவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளாக அவள் ஞாயிறுதோறும் கறி ஆக்கினாள், நானும் ஞாயிறுதோறும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் காபியோடு அவள் கட்டிலருகே வந்து ஒரு நொடி நின்று பார்த்திருக்கிறாள் என்பது ஆஸ்பத்திரிக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

அந்த வருடம் லெந்துக்குப் பரணில் ஏறிய சட்டி ஈஸ்டருக்கு இறங்கவில்லை.

நாய்க்கு இதை யாரும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து நாங்கள் வந்தபோது அது புறவாசல் படியில் முன்னங்கால்களை நீட்டி, மூக்கைக் கதவு இடுக்கில் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. காது கேட்காத நாய்க்குப் பண்டிகை மூக்கு வழியாகத்தான் வரும். மசாலா வறுபடுகிற வாசம் வரவில்லை. என் மனைவி பருப்பும் சோறும் மோரும் பிசைந்து வைத்தாள். நாய் தட்டைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, தின்றது. அந்தப் பார்வையை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

"பாத்தியா, அது கேக்குது" என்றேன்.

"அது கேக்கல. நீங்க கேக்கீக."

அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் நடந்த வழக்கு இதுதான். மே மாதத்தில் நாய் இளைக்கத் தொடங்கியது. முதலில் இடுப்பெலும்பு தெரிந்தது. பிறகு விலா. நான் நூலகத்தில் நாய்களைப் பற்றி இருந்த ஒன்றிரண்டு புத்தகங்களையும், இல்லாதவற்றுக்கு இணையத்தையும் படித்தேன். தேவைக்கு மேல் படிப்பது எனக்கு வியாதி; இதயத்துக்கு வந்ததற்கு முன்பே வந்தது. நாயின் பல்லைப் பார், அது கிழிப்பதற்கான பல். நாயின் குடலைப் பார், ஆட்டுக் குடலைவிட எவ்வளவு குட்டை. அதன் பாட்டன் பூட்டனெல்லாம் ஓநாய். ஓநாய் எங்கேயாவது மோர்ச்சோறு தின்றிருக்கிறதா? தினமும் சாயங்காலம் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு புது ஆதாரத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாதத்தை வளரவிட்டுக் கடைசியில் ஒரே வரியில் முடிப்பது அவளுக்குத் தொழில்.

"தேவதானத்துல எங்க தோப்புல ஒரு நாயி இருந்துச்சு. கம்பங்கூழும் மோருந்தான். வேற ஒண்ணுங் கிடையாது. அது செத்தப்ப எனக்குக் கல்யாணமே முடிஞ்சு போச்சு. அம்புட்டு வயசு இருந்துச்சு."

"அது தோப்புல எலி புடிச்சுத் தின்னுருக்கும். ஓணான் தின்னுருக்கும். கூழு உங்க அப்பா வச்சது, கறி அது தேடிக்கிட்டது. இது காம்பவுண்டுக்குள்ள கெடக்கு, எலிக்கு எங்க போவும்?"

"அப்ப எலி புடிச்சுக் குடுங்க. மட்டன் எதுக்கு?"

சென்னையிலிருந்து மகள் போனில் பேசும்போது நான் நாயின் நிலைமையை விளக்கினேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, உண்மையச் சொல்லுங்க. கறி நாய்க்கா, உங்களுக்கா?" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

கடைசி முயற்சியாக நேராகக் கறிக்கடைக்கே போனேன். கடைக்காரருக்கு எங்கள் குடும்பத்தை இருபது வருடமாகத் தெரியும். என் ரத்தக்குழாயில் அடைத்திருந்ததில் பெரும் பகுதி அவர் கடையிலிருந்து போனது.

"என்ன சார், ரொம்ப நாளாக் காணல?"

"நாய்க்குக் கொஞ்சம் சவ்வும் எலும்பும் வேணும். நமக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவர் கத்தியைக் கட்டையில் குத்தி வைத்துவிட்டு என்னைக் கருணையோடு பார்த்தார். "சார், கோவிச்சுக்கிடாதீக. டீச்சர் போன மாசமே வந்து சொல்லிட்டுப் போயிட்டாக. சாரு வந்து நாய்க்குன்னு கேப்பாக, குடுத்துராதீகன்னு."

பக்கத்தில் நின்றவர் குனிந்து சிரித்தார். நான் வெறும் பையோடு திரும்பினேன். அப்போது எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால், நாய் வாய் திறந்து பேசியிருந்தாலும் அந்தக் கோடையில் அதை நம்பியிருக்க மாட்டார்கள், என் குரலில் பேசுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குக் கறி ஆசை விட்டுப்போயிருந்தது. அந்த முழங்கால் அழுத்தம் மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் எனக்கு எண்ணெயைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்த்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கம். ஆசைப்படுகிறவனாகத் தெரிவது பயப்படுகிறவனாகத் தெரிவதைவிட மேல் என்று நினைத்தேன்.

ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் அவள் புறவாசலில் நின்று தரையை மிதித்தாள். நாய் கொய்யா மரத்தடியிலிருந்து எழுந்து வந்தது. கீழ்ப்படியில் ஒரு காலை வைத்தது. அடுத்த காலை வைக்க முடியாமல் அப்படியே நின்றது. மூன்றே படிதான். அவள் தட்டைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு அதன் முதுகைத் தடவினாள். கை எலும்பில் ஏறி இறங்குவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"நாளைக்குக் கறி வாங்கியாறேன்" என்றாள். "நாந்தான் வாங்குவேன். நாந்தான் வேக வைப்பேன். உப்பு, மஞ்சா ஒண்ணும் போட மாட்டேன். நீங்க அடுப்படிப் பக்கம் வரக் கூடாது."

"வர மாட்டேன்."

மறுநாள் சனிக்கிழமை. பரணிலிருந்து சட்டி இறங்கியது. அவள் புறக்கடையில் கல் கூட்டி அடுப்பு வைத்து, கறியை வெறும் தண்ணீரில் வேக வைத்தாள். நான் முன்னறையில் ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வழக்கில் ஜெயித்தவனின் அடக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். கறி ஆறியதும் பிய்த்துப் போட்டுச் சோற்றோடு பிசைந்து வைத்தாள். பொறுக்க முடியாமல் நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

நாய் முகர்ந்தது. வால் ஒரு தடவை அசைந்தது. சாற்றை நாலு நக்கு நக்கியது. பிறகு பின்வாங்கி, கல்தொட்டியில் வெகுநேரம் தண்ணீர் குடித்துவிட்டு, மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சற்று நேரத்தில் குடித்த தண்ணீரையும் கக்கியது.

என் கட்சிக்காரர் கூண்டில் ஏறி எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டார். ஆனால் என் மனைவி அதை அப்படிப் பார்க்கவில்லை. அவள் தட்டின் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"திங்கவே மறந்துருச்சு" என்றாள். "அம்புட்டு நாள் பட்டினி போட்டுருக்கேன்."

திங்கட்கிழமை அவள் லீவு சொல்லிவிட்டு வர, ஒரு லோடு ஆட்டோ பிடித்து நாயை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். அங்கே நாய் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் போகிற ஒரு டாக்டரம்மா. வயதில் எங்கள் மகளைப்போல இருந்தார். வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார், முகர்ந்தார், கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து விட்டார். இழுத்த தோல் இறங்க நேரமாயிற்று.

"தண்ணி ரொம்பக் குடிக்குதா?"

"ஆமா" என்றாள் என் மனைவி. "வெயிலுக்கு நல்லாக் குடிக்குது. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ தொட்டிய ரொப்புதேன்."

"ஒண்ணுக்கும் அதே மாதிரி நிறையப் போகுதா? எவ்வளவு நாளா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தெரியவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். மதியத்துக்கு மேல் ரிசல்ட் வந்தது. இரண்டு சிறுநீரகமும் பெரும்பாலும் போய்விட்டன என்றார். வயதான நாய்களுக்கு வருவதுதான். உள்ளே வெகு நாளாக நடந்துகொண்டிருக்கும், வெளியே தெரியும்போது பாதிக்கு மேல் முடிந்திருக்கும். டிரிப்ஸ் ஏற்றலாம், கொஞ்ச நாள் கிடைக்கும்.

என் மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "டாக்டர், நாந்தான் கறிய நிறுத்துனேன். பிப்ரவரியில இருந்து. அதுனாலயா?"

"இல்லம்மா. அதுனால வரல. இந்த நிலமையில கறி அதிகம் போட்டிருந்தாத்தான் இன்னும் சிரமம்." பிறகு, படித்தவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கப்படி, முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். "நாய் பூனை மாதிரி கிடையாது. கறி இல்லாமலும் நல்லா வளக்கலாம். முட்டை, பருப்பு, பால் சேந்தது, எல்லாம் அளவாக் கலந்து குடுக்கணும். என்ன ஒண்ணு, வெறும் சோறும் மோரும் மட்டும் போட்டு வளக்கக் கூடாது. அதுல சத்துப் பத்தாது."

அவர் சொன்னதில் என் மனைவி கடைசி வரியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இரண்டு வாரம் டிரிப்ஸுக்குப் போய் வந்தோம். சில நாள் முட்டையின் வெள்ளைக்கரு தின்றது. சில நாள் அவள் கையை மட்டும் நக்கியது. ஒரு மத்தியானம் மரத்தடியில் படுத்திருந்ததைப் பார்த்து அவள் தரையை மிதித்தாள். மறுபடி மிதித்தாள். நான் உள்ளேயிருந்து, "எதுக்குடி இப்படி மிதிக்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். மரத்தடியைப் பார்த்ததும் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

தேவதானத்தில் அவள் வீட்டுத் தோப்பில் புதைத்தோம். கூழ் குடித்த பழைய நாயைப் புதைத்த இடம் எது என்று அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. உத்தேசமாக அதன் பக்கத்தில்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான வழக்கு வந்தது.

அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், ஜெபம் செய்தாள். ஒரு நாள் ஜெபத்தின் நடுவில், வாய்விட்டு, "ஒரு வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டேன் ஆண்டவரே" என்றாள். என்னை உயிரோடு வைத்துக்கொள்ள அவள் செய்த காரியம் நாயைக் கொன்றுவிட்டது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அந்தத் தீர்ப்புக்கு வேண்டிய ஆதாரம் முழுவதையும் மே மாதம் முதல் தினசரி சாயங்காலம் கொண்டுவந்து சேர்த்தவன் நான்.

நான் கட்சி மாறினேன். மறுபடி நூலகத்தில் உட்கார்ந்து, இந்த முறை எதிர்த் தரப்புக்காகப் படித்தேன். நாய் மனிதனோடு சேர்ந்து எத்தனையோ தலைமுறையாகத் தானியம் தின்று பழகிவிட்டது. ஓநாய்க்குச் செரிக்காத மாவு நாய்க்குச் செரிக்கும். கறியே தொடாமல் முழு ஆயுசும் இருந்த நாய்கள் உண்டு. எல்லாம் உண்மைதான். மே மாதத்திலும் இவை அதே புத்தகங்களில்தான் இருந்தன. அப்போது அந்தப் பக்கங்களை நான் வேகமாகத் திருப்பியிருந்தேன்.

"அப்ப பல்லு, குடலுன்னீக?" என்றாள்.

"அது சும்மா சொன்னது."

"சும்மாச் சொல்லல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஓநாய் மோர்ச்சோறு திங்குமான்னு கேட்டீக."

வேறு வழியில்லாமல் அவளுடைய பழைய ஆயுதத்தையே எடுத்தேன். "உங்க தோப்பு நாய எடுத்துக்கோ. கம்பங்கூழும் மோரும் குடிச்சே அம்புட்டு வயசு இருக்கலியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது எலி புடிச்சுத் தின்னுருக்கும்" என்றாள். "இது காம்பவுண்டுக்குள்ள கெடந்துச்சு. எங்க போவும்?"

என் வாழ்க்கையில் பலர் என் வரிகளைப் படித்துவிட்டு மறந்திருக்கிறார்கள். மறக்காத ஒரே வாசகி அவள்தான். அதுவும் இந்த வரியை. கடைசியில், வாதம் எதுவும் கைவசம் இல்லாததால், இத்தனை மாதமாகச் சொல்லாததைச் சொன்னேன். எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் கறி மேல் ஆசையே இல்லை என்பதை. பயம் என்பதை. நாய் உண்மையிலேயே இளைத்தது தெரிந்துதான் பேசினேன், ஆனால் தமாஷாகப் பேசிப் பேசி அதை எனக்கே பொய்யாக்கிக்கொண்டேன் என்பதை.

"அப்ப நெசமாவே நாய்க்குத்தான் கேட்டீகளா?"

"நெசமாவே நாய்க்குத்தான்."

இது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் பாரமாகிவிட்டதா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எழுந்து புறக்கடைக்குப் போனாள். கல்தொட்டியில் கிடந்த பழைய தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன தடவ ரொப்புனேன்" என்றாள். "நல்லாக் குடிக்குதேன்னு சந்தோசமா ரொப்புனேன். நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீக."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கோடை முழுவதும் அதன் தட்டைப் பற்றிச் சண்டை போட்டோம்.

இந்த ஆண்டு ஈஸ்டருக்குச் சட்டி இறங்கியது, கோழிக்காக. தோலுரித்த கோழி, கொஞ்சம் எண்ணெய். டாக்டர் அனுமதித்ததுதான், அவள் மதுரைக்கே போன் போட்டு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் நின்றோம். சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண் எங்களிடம் வந்தாள். வீட்டில் புதிதாக ஒரு வெள்ளைக் குட்டி வாங்கியிருக்கிறார்களாம்.

"டீச்சர், சாரு நாயப் பத்தி நெறையாப் படிச்சுருக்காகன்னு சொன்னாக. ஒரு சந்தேகம் கேக்கணும். நாங்க வீட்டுல கறி எடுக்கதே எப்பவாச்சுந்தான். நாய்க்குக் கறி கண்டிப்பாப் போடணுமா சார்?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் என் மனைவி குறுக்கே வந்தாள்.

"இவியகிட்ட கேக்காதீக. இவிய ரெண்டு பக்கமும் நல்லாப் பேசுவாக, நீங்க வீடு போய்ச் சேர மாட்டீக." அந்தப் பெண் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. "கேளுங்க. கறி இருந்தாப் போடுங்க. இல்லன்னா வேண்டாம், அது ஒண்ணும் ஆகாது. ஆனா வெறுஞ்சோறும் மோருமா வச்சுப் பழக்காதீக. முட்ட வைங்க, பருப்பு நல்லா வேக வச்சுப் போடுங்க. எம்புட்டுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிடுங்க. வயசாவும்போது எளச்சுச்சுன்னா, சோத்தப் பாக்காதீக, தண்ணியப் பாருங்க. வழக்கத்தவிட நெறையாக் குடிச்சுச்சுன்னா, வெயிலுக்குக் குடிக்குன்னு நெனச்சு இருந்துராதீக. அன்னைக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தூக்கிட்டுப் போங்க. என்ன?"

"சரி டீச்சர்."

அந்தப் பெண்ணுக்கு இருந்தாலும் திருப்தியில்லை. படித்தவன் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று என் பக்கம் திரும்பினாள்.

"அப்படித்தானா சார்?"

என்னிடம் இரண்டு தரப்புக்கும் சேர்த்து நிறைய இருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "அவிய சொல்லுதது சரிதான்."